பனாட்டுக்கு வந்த வாழ்வு

ஒல்லாந்தர்மேல் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் எங்களைப் பட்டிக்காட்டார் என்று அவர்கள் சொன்னதில்லை. 1658இல் போர்த்துக்கீசரைத் துரத்தி யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், சுற்றியிருந்த தீவுகளுக்கெல்லாம் தங்கள் தேசத்து நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆனது. வேலணை லைடன். புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். எங்கள் நெடுந்தீவு டெல்ஃப்ற். பனையும் மாடும் தவிர வேறொன்றும் பெரிதாகக் கண்ணில் படாத இடங்களுக்கு வரைபடத்தில் நகர அந்தஸ்து. மற்றப் பெயர்கள் பழைய படங்களோடு மங்கிப்போக, டெல்ஃப்ற் மட்டும் அரசாங்கக் கடிதங்களில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போர்த்துக்கீசர் அவ்வளவு தாராளம் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டுப் போனவர்கள். ஊர்காவற்றுறையில் யானை ஏற்றினார்கள். ஆகவே அது யானைத்துறை. அந்தப் பெயரில் யானை கழன்றுபோக, துறையைக் குறித்த அவர்களின் சொல்தான் கயிற்ஸ் என்று மிஞ்சியது. நெடுந்தீவில் மாடு கண்டார்கள். ஆகவே மாட்டுத்தீவு, அவர்கள் வாயில் 'இல்யா தஸ் வாக்கஸ்'.

1970களில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன எனக்கு டெல்ஃப்ற் நகரத்தான் என்ற மரியாதையை யாரும் தரவில்லை. 'தீவான்' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். பேச்சில் இழுவை, காலில் சப்பாத்து இல்லாமை, வள்ளத்து டீசல் மணம், கூழ் குடிக்கும் வழக்கம். தீவுப் பகுதியில் சம்பந்தம் என்றால் பட்டினத்துப் பெரியவர்கள் ஒருதரம் செருமிவிட்டுத்தான் சாதகத்தை விரிப்பார்கள். காரைதீவார் முந்திக்கொண்டவர்கள். போன நூற்றாண்டின் முன்பாதியிலேயே தங்கள் ஊரைக் காரைநகர் ஆக்கிவிட்டார்கள். தீவு போய் நகர் வந்தது. அந்த மதிநுட்பம் எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

பட்டினத்தாருக்கு எங்களில் பிடிபடாத சங்கதி ஒன்றும் இருந்தது. அவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப்போட்டுவிட்டுத் தபாற்காரனைப் பார்த்திருக்க, தீவார் தென்னிலங்கைச் சந்திகளில் கடை போட்டார்கள். கொழும்பிலும் கண்டியிலும் சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை. புங்குடுதீவார் இல்லாத கடைத்தெரு இல்லை என்பது அந்தக் காலத்துப் பேச்சு. படித்தவர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: தீவானுக்குக் கணக்குத்தான் வரும், நாகரிகம் வராது.

விடுதியில் என் நாகரிகம் விடுமுறை முடிந்து திரும்பும் நாளில்தான் வெளியாகும். ஆச்சி கட்டித்தரும் உமலைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்க முடியாது. மணமே காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே ஒடியல், புழுக்கொடியல், பாயோடு வெட்டியெடுத்த மாதிரிப் பனாட்டு. 'மாட்டுத்தோல் வந்திட்டுது' என்பார்கள். இரவு விளக்கு அணைந்தபின் அதே மாட்டுத்தோலுக்குக் கை நீளும்.

பனாட்டு எப்படி ஆகிறது என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது. ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழும். விடியப்புறமே பொறுக்காவிட்டால் மாடு முந்திவிடும். பழத்தைத் தோலுரித்துத் தண்ணீர் தெளித்துப் பிசைய, தும்பிலிருந்து களி கழன்று வரும். முழங்கை வரை மஞ்சள். அதை வடித்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் மெல்லிசாக ஊற்றவேண்டும். அது காய்ந்ததும் அதன்மேல் அடுத்த ஊற்று, அதற்குமேல் இன்னொன்று. காகத்துக்குக் காவல், மழைக்கு ஓட்டம். பாயின் பின்னல் அச்சு அடிப்பக்கத்தில் அப்படியே விழுந்திருக்கும். நன்றாகக் காய்ந்தபின் சுருட்டிப் புகை படும்படி அடுக்களைப் பரணில் ஏற்றிவிட்டால் மாரி முழுதும் கவலையில்லை. இத்தனை வேலையையும் பார்த்த ஆச்சிக்கு, அதைப் பட்டினத்துக்குக் கொடுத்துவிடும்போது ஒரு கூச்சம் இருந்தது. 'பிள்ளையள் பகிடி பண்ணுவினமோ, மோனை? ஒரு பெட்டி விசுக்கோத்தும் வாங்கித் தாறன்.'

வீட்டில் பெருமைக்குரியதெல்லாம் கடையிலிருந்து வந்தது. கதிரை, மேசை, அலுமாரி, விசுக்கோத்து, பாண் — இவை எல்லாவற்றுக்கும் போர்த்துக்கீசன் விட்டுப்போன பெயர். கூச்சத்துக்குரியதெல்லாம் வளவிலிருந்து வந்தது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, குட்டான், தட்டுவம், பிளா. அம்மாவின் கனவில் சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, இரும்புப் படலை. முற்றத்துக்குச் சாணி மெழுகுவதை நிறுத்தும் நாள்தான் நாங்கள் மனிசராகும் நாள் என்று அவர் நம்பியிருந்தார்.

அந்த நாளுக்கு முந்தி வேறு நாட்கள் வந்தன. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 1991 ஆண்டுகளில் வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் சனமில்லாத ஊர்களாயின. கடல் கடக்க வள்ளம் பிடித்தவர்கள் இம்முறை பட்டினத்தோடு நிற்கவில்லை. பாரிஸ், சூரிச், ரொறன்ரோ, லண்டன். பாரிஸ் போலீஸ்காரனுக்குத் தீவானையும் பட்டினத்தானையும் பிரித்தறியும் ஞானம் கிடையாது. எங்கள் விடுதியில் தென்மேற்குக் கட்டிலில் படுத்து என்னைப் பகிடி பண்ணிய பேர்வழியும் நானும் ஒரே வரிசையில் ஒரே கடதாசியோடு நின்றோம். யாழ்ப்பாணத்தில் நூறு வருடத்தில் வராத சமத்துவம்.

பாரிஸில் எனக்கு முதலில் கிடைத்தது வெதுப்பகத்தில் இரவு வேலை. அங்கே பாண் இரண்டு சாதி. ஒன்று இயந்திரத்தில் உருண்டு, ஒரே நிறத்தில், ஒரே அளவில் வருவது, மலிவு. மற்றது கோணல்மாணலாக, மாவு அப்பி, மேலோடு வெடித்து, ஒரு பக்கம் கருகிக் கிடப்பது, விலை கூட. அதன்மேல் குத்தியிருந்த அட்டையில் 'ருஸ்தீக்' என்றிருந்தது. அர்த்தம் கேட்டேன். 'நாட்டுப்புறத்துப் பாண்' என்றார் வெதுப்பகக்காரர், ஒரு பவிசோடு. எங்கள் ஊர்காவற்றுறை வெதுப்பகத்தில் இப்படி ஒரு பாண் வந்தால் சுட்டவனுக்கு ஏச்சு விழும். பாண் ஆட்டுக்குப் போகும்.

இந்தச் சொல்லுக்குப் பழைய சரித்திரம் உண்டு. லத்தீனில் 'ரூஸ்' என்றால் நாட்டுப்புறம். 'ருஸ்திகுஸ்' அங்கே இருப்பவன். ரோமாபுரிப் பட்டினத்தார் அவனைப் பார்த்த பார்வையும் யாழ்ப்பாணத்தார் எங்களைப் பார்த்த பார்வையும் ஒரே கண்ணால் பார்த்தவை. பேச்சு முரடு, நடை முரடு, நயம் தெரியாது. நயம் என்பதற்கு அவர்கள் வைத்த சொல்லே நகரத்திலிருந்து பிறந்தது. அதே ரோமாபுரியில் ஹொரேஸ் என்ற கவிஞர் நாட்டுப்புற வாழ்வைப் போற்றிப் பாடினார். நகரத்து எலியும் நாட்டு எலியும் என்று நாங்கள் பாலர் வகுப்பில் படித்த கதையைக் கவிதையில் வைத்தவர் அவர். அவருக்கு அந்த நாட்டுப்புறப் பண்ணை மெசெனாஸ் என்ற பெரும் பணக்காரரின் தயவில் கிடைத்தது. நிலத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள். எலிக்கதையில் அவர்கள் வரவில்லை.

லத்தீனின் பிள்ளைகளான மொழிகளிலெல்லாம் இந்தக் குடும்பச் சொத்து பங்கிடப்பட்டது. பிரெஞ்சில் ருஸ்தீக், இத்தாலியிலும் ஸ்பானிலும் போர்த்துக்கீசிலும் ருஸ்திக்கோ, ருமேனியாவில் ருஸ்திக். போர்த்துக்கல்லில் காணி உறுதியில் அந்தச் சொல் வந்தால் அது வெறும் வகைப்பாடு: நகரக் கட்டடம் அல்லாத நிலம். காணிக் கணக்குக்குத் 'தோம்பு' என்ற சொல்லை எங்களுக்குத் தந்த மனிசர் அல்லவா, அந்த விஷயத்தில் இன்னும் உணர்ச்சிவசப்படுவதில்லை.

எல்லாச் சொல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பண்ணை நிலத்தில் உழைத்தவனைக் குறித்த இன்னொரு லத்தீன் சொல் பிரெஞ்சில் 'விலேன்' ஆகி, இன்று கெட்டவன், அசிங்கமானவன் என்று கிடக்கிறது. தமிழ்ச் சினிமா வில்லன் அவனுடைய பேரன். கிராமத்தான் என்று பொருள்பட்ட 'பகானுஸ்' வேதத்துக்குப் புறம்பானவன் ஆனான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அம்மனைக் கும்பிட்டவர்களைக் குறிக்க அவர்களின் பாதிரிமாரிடம் இருந்த சொற்களில் ஒன்று, அடியில் பார்த்தால், 'ஊரான்' என்பதுதான். ஊரானாய் இருந்ததற்காகக் கோயில் போனது. பாணாய் இருந்திருந்தால் விலை கூடியிருக்கும்.

பாணுக்கு வந்த பவிசு கூழுக்கும் வரும் என்று எனக்குக் காட்டியவன் என் சித்தப்பாவின் மகன். சுவிஸில் இத்தாலி பேசும் மாநிலம் திச்சினோ. அங்கே மலையடிவாரத்தில் 'குறொத்தோ' என்று சாப்பாட்டுக் கடைகள் உண்டு. முன்னொரு காலம் பாறை இடுக்கில் வைனும் பாற்கட்டியும் குளிர வைத்த நிலவறைகள். இன்று மரநிழலில் கருங்கல் மேசை போட்டு, மண் குவளையில் வைன் ஊற்றுகிறார்கள். தம்பி ஒரு குறொத்தோவில் கோப்பை கழுவப் போய், பொலென்ரா கிண்டும் பதவிக்கு உயர்ந்தான். செப்புக் கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க, சோள மாவைத் தூவி, நீள மரத்துடுப்பால் ஒரு மணித்தியாலம் ஒரே பக்கமாய்ச் சுற்றவேண்டும். நிறுத்தினால் கட்டி பத்தும்.

'அண்ணை, இது எங்கட கூழுக்கு ஒண்டுவிட்ட தம்பி. மீன்தலையும் நண்டும் பயித்தங்காயும் போட மறந்திட்டாங்கள், அவ்வளவுதான்' என்றான்.

மறக்கவில்லை, வசதி இருக்கவில்லை. வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொலென்ராவைத் தவிர வேறொன்றும் காணாமல் பெலாக்ரா என்ற நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். சோளத்தை மட்டும் தின்று உயிர்ச்சத்து இல்லாமற்போனதால் வந்த நோய் அது. அந்தச் சாப்பாட்டுக்குத்தான் இப்போது சூரிச்சிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். வந்தவர்கள் அந்தக் கடையின் மேலே மலையில் இருக்கும் கல் வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கல்லுக்கு மேல் கல் அடுக்கி, கல் ஓடு போட்டு, கீழே மாடும் மேலே வைக்கோலுமாக இருந்த கொட்டில்கள். பெயரே 'ருஸ்திக்கோ'. பிள்ளைகள் பட்டினத்துக்கு இறங்க, கொட்டில்கள் இடிந்தன. பின்னர் பட்டினத்தார் ஏறி வந்து வாங்கினார்கள். இப்போது அவற்றை வீடாக மாற்ற ஆயிரம் சட்டம். 2012இல் நாடு முழுவதும் வாக்கெடுத்து, ஓர் ஊரில் விடுமுறை வீடுகள் ஐந்திலொரு பங்கைத் தாண்டக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். மாடு இருந்தபோது அந்தக் கொட்டிலில் இத்தனை பேருக்கு அக்கறை இருந்ததாக எழுத்தில் இல்லை.

பாரிஸில் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலும் அதே காற்று. தமிழ்க்கடையில் ஒடியல் மா பக்கெட்டுக்கு 'பாரம்பரியம்' என்று ஒரு முத்திரை. பனாட்டு சின்னச் சதுரங்களாக வெட்டிக் கண்ணாடித்தாள் சுற்றி, காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சொக்கிலேட்டுக்கு மேல் தட்டில். என் பழைய விடுதித் தோழர் வாரம் தவறாமல் வாங்குகிறார். பிரான்ஸில் பிறந்து பிரெஞ்சிலேயே சண்டை பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு 'எங்கட சாப்பாடு' என்று ஊட்டுகிறார். 'உங்கட இல்லை, எங்கட' என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. பாரிஸில் அவர் பிள்ளைகளுக்குத் தன்னை அறிமுகப்படுத்துவதே 'கடலோரக் கிராமத்து மனிசன்' என்றுதான்.

போர் முடிந்தபின் ஊருக்குப் போனேன். பண்ணைத் தாம்போதி தாண்டி, வாணர் பாலம் தாண்டி, குறிகாட்டுவான் துறையில் இறங்கினால் சனம் நெரிகிறது. பெரும்பாலானவர்கள் நயினாதீவுக்கு, நாகவிகாரைக்கும் அம்மன் கோயிலுக்கும். நெடுந்தீவுப் படகிலும் இப்போது உல்லாசப் பயணிகள். இறங்குதுறையில் ஓட்டோக்காரப் பொடியன் பார்க்கவேண்டிய இடங்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறான். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், வளரும் கல், குதிரை. எங்கள் காலத்தில் குதிரை பயிரில் வாய் வைத்தால் தடி எடுப்போம். 2015இல் அதற்குத் தேசியப் பூங்கா கிடைத்துவிட்டது.

பயணிகள் அதிகம் படம் பிடிப்பது முருகைக்கல் வேலியைத்தான். சீமெந்தில்லை, சாந்தில்லை. கடலில் செத்த பவளக்கல்லை அடுக்கியே மார்பளவுக்கு எழுப்பியது. ஒவ்வொரு கல்லிலும் சுருள்சுருளாய் மடிப்பு, இடைவெளிக்குள் ஓணான். காற்று ஊடே போய்விடுவதால் கச்சானுக்கும் சாயாது. சரிந்த கல்லை மறுபடி தூக்கி வைப்பது பள்ளிக்கூடம் விட்டுவந்த பொடியளின் வேலை. கை தோல் உரியும். இப்போது புதிதாய்க் கட்ட ஆசைப்பட்டாலும் கடலிலிருந்து பவளக்கல் எடுக்கச் சட்டம் விடாது. ஆகவே இருப்பதெல்லாம் பழசு, பழசெல்லாம் வடிவு.

வேலணைப் பக்கம் ஒரு தங்குவிடுதியில் கிடுகுக்கூரைக் குடிசை வாடகைக்கு விடுகிறார்கள். கிடுகுக்கு உள்ளே தகரம், தகரத்துக்கு உள்ளே பலகை, பலகைக்கு உள்ளே குளிரூட்டி. வாசலில் யாரும் குத்தாத உரல் ஒன்று, செடி வளர்க்க. ஓலைத் தட்டுவத்தின்மேல் வாழையிலை, வாழையிலைமேல் பீங்கான். ஓர் இரவுக்கான காசில் அம்மாவின் சீமெந்துத் தரை முழுதும் முடிந்திருக்கும்.

அந்தத் தரையைக் கடைசியில் போட்டது மாமாவின் மகள், என் மச்சாள். ஊரைவிட்டு அசையாதவள். பாரிஸிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் மாபிள் பதித்து, வேலியைத் தட்டி மதிலெழுப்பி, தள்ளித் திறக்கும் இரும்புப் படலை போட்டிருந்தாள். என்னோடு வந்த சுவிஸ் தம்பிக்கு மனம் உடைந்துவிட்டது. கிடுகு வேலி எங்கே, சாணி மெழுகின முற்றம் எங்கே, துலா எங்கே என்று வீடு முழுக்கத் தேடினான். 'எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள் மச்சாள்' என்றான்.

அவள் சிரித்தாள். 'துலா வேணுமெண்டா நாளைக்கே நட்டுத் தாறன். ஆனா நீங்கள்தான் இருந்து இறைக்கவேணும். பின்னேரக் கடைசி வள்ளத்தில போறவைக்கு இஞ்ச எல்லாம் வடிவுதான். எங்கட பள்ளிக்கூடத்துக்கு வாற ரீச்சர்மார் அதிகஷ்டப் பிரதேசம் எண்டு கடதாசி வச்சிருக்கினம். கஷ்டப்படி வாங்குகினம், வருசக் கணக்குப் பார்த்து மாற்றம் எடுத்துக்கொண்டு போகினம். ஒரு வருத்தம் துன்பம் எண்டா ராவில கடல் கடக்கவேணும். நாங்கள் கஷ்டப் பிரதேசத்தில இருக்கிறமோ, சொர்க்கத்தில இருக்கிறமோ எண்டு நீங்கள் எல்லாரும் ஒருக்காக் கூடிக் கதைச்சு முடிவெடுத்துச் சொல்லுங்கோவன்.'

தம்பி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திச்சினோவில் கல்வீட்டை விட்டிறங்கிய மனிசரும் மாபிள்தான் கேட்டிருப்பார்கள் என்பது அவனுக்குத் தோன்றியதோ என்னவோ. ரோமாபுரி தொட்டு இதுதான் நடைமுறை. மாட்டோடு படுத்தெழும்புகிறவன் அதை அழகு என்று சொல்ல நேரமில்லாமல் இருக்கிறான். படுத்தெழும்பத் தேவையில்லாத தூரத்துக்குப் போனவனுக்குத்தான் அதற்கு விலை போடத் தெரிகிறது. அந்த விலையும் மாட்டுக்காரன் கைக்கு வருவது அபூர்வம்.

அபூர்வம் என்றுதான் நினைத்திருந்தேன். புறப்படும்போது மச்சாள் பரணிலிருந்து ஒரு பொதியை இறக்கினாள். ஓலைப்பெட்டியில் பனாட்டு. ஆச்சியின் கை வேலைதான், அச்சுப்பிசகாமல் அடிப்பக்கத்தில் பாயின் பின்னல். மாபிள் வீட்டின் பின்வளவில் இப்போதும் பந்தல் போடுகிறாளாம். மூன்று நாலு பொம்பிளையளும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்களாம்.

'எவ்வளவு, மச்சாள்?' என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணாடி போட்டு, ஒரு படத்தைத் தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். லாச்சப்பல் கடைத் தட்டு. கண்ணாடித்தாள் சுற்றிய சதுரம். பக்கத்தில் யூரோவில் விலை.

'மகள் அனுப்பினவள். இந்த விலைதான். நீங்களே சுமந்துகொண்டு போறபடியால் பிளேன் கூலியைக் கழிச்சுவிடுறன். பெட்டிக்குக் காசு வேறை, அது ருஸ்திக்காம்.'